ரெம்பிராண்ட் வரைந்த முகலாய உருவப்படங்கள்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) ஏறத்தாழ 1656க்கும் 1661க்கும் இடையில், முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்த கோட்டோவியத் தொகுதி இது. பேரரசர்கள் ஜஹாங்கீர், ஷாஜஹான், இளவரசர் தாரா ஷுகோ ஆகியோர் இதில் இடம்பெறுகிறார்கள். 23 தாள்கள் எஞ்சியுள்ளன. ரெம்பிராண்ட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் அவர் வாழ்ந்த ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கின் சரக்கையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பியதும் அதே கம்பெனிதான்.

விவிலியக் காட்சிகளுக்குத் தலைப்பாகையும் அங்கியும் தேடியவர் ரெம்பிராண்ட். ஆகவே இவை வெறும் உடைக் குறிப்புகள் என்று சொல்லிவிடலாம். தாளைக் கையில் எடுத்தால் அந்த வாதம் நிற்காது. இவற்றில் பெரும்பாலானவை ஆசியத் தாளில் வரையப்பட்டவை. செம்புத் தகட்டில் அமிலம் அரித்து உருவாக்கும் எட்சிங் அச்சுப்படங்களில், யான் சிக்ஸ் உருவப்படம் (1647) போன்றவற்றின் தேர்ந்த பிரதிகளுக்கு அவர் எடுத்துவைத்த விலையுயர்ந்த தாள் வகை அது. உடைக் குறிப்புக்கு யாரும் அதைச் செலவழிக்க மாட்டார்கள். அவர் கோடும் இங்கே மாறுகிறது: வழக்கமான முரட்டு இழுப்பு அடங்கி, சிற்றோவியரைப் போல மெல்லிதாக ஓடுகிறது. இன்னும் உறுதியான சான்று 1656இல் அவர் உருவாக்கிய ‘ஆபிரகாம் வானவரை உபசரித்தல்’ எட்சிங். மரத்தடியில் விரிப்பின்மேல் நான்கு பெரியவர்கள் அமர்ந்திருக்கும் முகலாயப் படத்தை அவர் படியெடுத்திருந்தார். எட்சிங்கிலும் விருந்தினர்கள் மேசை நாற்காலி இல்லாமல் தரையில் அமர்ந்திருக்கிறார்கள், ஆபிரகாம் கையில் கூஜாவோடு பணிந்து நிற்கிறார். உடையைவிட உட்காரும் முறையைத்தான் அவர் வாங்கிக்கொண்டார். (கடன் ஒருவழி அல்ல. ஜஹாங்கீரின் ஓவியர் அபுல் ஹசன் சிறுவனாக இருந்தபோதே ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் அச்சுப்படத்தைப் பார்த்து வரைந்தவர்.)

1656இல்தான் ரெம்பிராண்ட் திவாலானார். வீட்டுப் பொருள்கள் பட்டியலிடப்பட்டு ஏலத்துக்குப் போயின. கைவிட்டுப் போகவிருந்த படங்களை அவசரமாக நகலெடுத்தார் என்ற விளக்கம் கவர்ச்சியானது. ஆனால் அவசரத்தில் இந்தப் பொறுமையான கோடு வராது. 1747இல் லண்டனில் ஓவியர் ஜோனதன் ரிச்சர்ட்சனின் சேகரிப்பு விற்கப்பட்டபோது, 25 இந்தியப் படங்கள் கொண்ட ஒரே ஏடாக ரெம்பிராண்டின் இந்தக் கோட்டோவியங்கள் ஏலப் பட்டியலில் இருந்தன. அந்த ஏட்டைச் சேகரிப்பாளரே ஒன்றுசேர்த்திருக்கலாமே எனலாம். சேர்த்துக் கட்டியது யாராக இருந்தாலும், தாளும் கைவண்ணமும் ஒத்துப்போவது தொடர்ச்சியான ஒரே முயற்சியைத்தான் காட்டுகிறது.

பிறகு ஏடு பிரிந்தது. தாள்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாரிஸின் லூவர், நியூயார்க்கின் மார்கன் நூலகம், கிளீவ்லாந்து, லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி என்று சிதறின. 2018இல் கெட்டி அவற்றில் இருபதை முகலாய ஓவியங்களோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தது. மரத்தடிப் பெரியவர்களின் மூலமாகக் கருதப்படும் சிற்றோவியம் வியன்னாவின் ஷோன்ப்ரூன் அரண்மனையில் இருக்கிறது. பேரரசி மரியா தெரசாவின் காலத்தில் அங்கே சிற்றோவியங்களைக் கத்தரித்து, ஒட்டுப்போட்டு, மரப்பலகைச் சுவரில் அலங்காரமாகப் பதித்துவிட்டார்கள்.