குரொய்ட்ஸ்ஃபெல்ட்–ஜேக்கப் நோய்

மூளையைப் பஞ்சுபோல் துளைத்து அழிக்கும் அரிய நோய். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஜெர்மன் வைத்தியர்கள் குரொய்ட்ஸ்ஃபெல்ட் 1920இலும் ஜேக்கப் 1921இலும் இதை விவரித்தனர். காரணம் பக்டீரியாவோ வைரஸோ அல்ல. பிரியோன் எனப்படும், உருத்திரிந்த புரதம். அருகிலுள்ள நல்ல புரதங்களையும் அது தன் வடிவுக்கு மாற்றிவிடும். பிரியோன் ஆய்வுக்காக ஸ்டான்லி புருசினர் 1997இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே, பெரும்பாலும் அறுபது வயதையொட்டி வருகிறது. பழகிய பாதை மறக்கும், நடை தள்ளாடும், சில வாரங்களிலேயே பேச்சுக் குழறி, சிறு சத்தத்துக்கும் கைகால் வெட்டி இழுக்கும். முதுமை மறதி என்று வீட்டார் எண்ணுவது இயல்பு. ஆனால் முதுமை மறதிக்கு இந்த வேகம் கிடையாது. பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர். தொட்டுத் துடைத்து, ஊட்டிப் பராமரிப்பவருக்கு இது தொற்றாது. வீட்டார் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

கண்தானத்தை முன்னிட்டு, கொழும்புக்கு இந்நோயில் தனி அக்கறை வேண்டும். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. பின்னர் பல நாடுகளுக்கும் அனுப்பிவருகிறது. 1974இல் அமெரிக்காவில், கருவிழி மாற்றுச் சிகிச்சை வழியே இந்நோய் தொற்றியதாக அறிக்கை வெளியானது. இத்தகைய நோயாளியின் கண்களைத் தானமாக ஏற்கக்கூடாது என்பது கண்வங்கிகளின் நியதி. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கண்தானத்துக்கு எழுதிக்கொடுத்த ஒருவர் விரைந்து நினைவிழந்து இறந்திருந்தால், குடும்பத்தார் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும். ஏனெனில் ஃபோமலினோ கொதிநீரோ பிரியோனை அழிப்பதில்லை.