துண்டு நோட்டீசும் ஊர் வரலாறும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுகிறார்கள். அடுத்து மாவட்ட கெசட்டியரைப் புரட்டுகிறார்கள். சோழர் காலத்தில் ஏரிப்பராமரிப்புக்கு நிலம் விட்டவர் யார் என்பதற்குக்கூடச் சான்று கிடைத்துவிடுகிறது. 1950களில் அதே ஊரின் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் யார், திருவிழாவில் எந்தக் குழு நாடகம் போட்டது என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. அந்தப் பதில் சிற்றூர் அச்சகங்களின் சில்லறை வேலைகளில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. திருமண அழைப்பிதழ், திருவிழாப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடைத்திறப்பு அழைப்பு, கருமாதிப் பத்திரிகை ஆகியவற்றை ஆவணமாகக் கொள்ளாமல் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிற்றூரின் வரலாற்றை முழுமையாக எழுத முடியாது.

திருவிழாப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் கொடியேற்றம் தொடங்கி ஒவ்வொரு நாளும் என்ன வாகனம், யாருடைய மண்டகப்படி, நாதஸ்வரம் யார், இரவு என்ன நாடகம் என்று அது வரிசையாகச் சொல்லும். ஒரே கோயிலின் பத்திரிகைகளை ஆண்டுவாரியாக அடுக்கினால், எந்தச் சமூகத்தாருக்கு எப்போது மண்டகப்படி கிடைத்தது, எந்தக் குடும்பத்தின் பெயர் எந்த ஆண்டோடு நின்றது என்பதெல்லாம் தெரியவரும். திருமண அழைப்பிதழ்களும் அப்படியே. சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழகத்தில் சட்ட ஏற்பு தந்த திருத்தச் சட்டம் 1967இல்தான் நிறைவேறியது. அதற்கு முன்பே, சட்டத்தின் துணையில்லாமல், எந்தெந்த ஊரில் யார் தலைமையில் அத்தகைய மணங்கள் நடந்தன என்பதற்கு அழைப்பிதழே நேர்ச்சான்று. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் எந்தத் தலைமுறையில் உதிர்ந்தது, எந்த வீட்டில் உதிரவே இல்லை என்பதையும் அதே தாள் காட்டிவிடும்.

தேதியில்லாத தாளை என்ன செய்வது என்று கேட்கலாம். சித்தார்த்தி வருஷம் என்று மட்டும் இருந்தால் அது 1919ஆகவும் இருக்கலாம், 1979ஆகவும் இருக்கலாம். மாதத்தேதியும் கிழமையும் இருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு முடிவுசெய்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் எழுத்தைப் பார்க்க வேண்டும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. புதிய லை, னை இருந்தால் அந்தத் தாள் 1919ஐச் சேர்ந்ததாக இருக்க முடியாது. தும்பிக்கை போட்ட பழைய எழுத்து இருந்தாலோ அவசரப்படக் கூடாது. வாங்கிய ஈய எழுத்து தேயும்வரை ஓட்டியாக வேண்டிய நிலையில் இருந்த சிறு அச்சகங்களில் பழைய வடிவம் பல ஆண்டுகள் நீடித்தது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தையது அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். தாளின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது.

இவையெல்லாம் காசு கொடுத்தவர் தம்மைப் புகழ்ந்து அச்சடித்துக்கொண்டவை, இவற்றை எப்படி நம்புவது என்பது வலுவான மறுப்பு. வள்ளல், கலியுகக் கர்ணன் போன்ற அடைமொழிகளை உண்மையென்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கல்வெட்டின் மெய்க்கீர்த்தியிலும் மிகை உண்டு. அதற்காக அதிலுள்ள ஊர்ப்பெயரையும் நில அளவையும் யாரும் தள்ளிவிடுவதில்லை. நோட்டீசுக்கு வேறொரு காவலும் உண்டு. அது அதே ஊராரின் கையில் கொடுக்கப்படுவது. மாமன் பெயரை விட்டுவிட்டாலோ மண்டகப்படிக்காரரை மாற்றிப் போட்டாலோ அன்றைக்கே சண்டை வரும். அதனால்தான் புரூப் பார்க்கக் குடும்பத்தில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரை அனுப்புவார்கள்.

அச்சகத்துக்குப் பாதுகாக்கும் எண்ணமே இருந்ததில்லையே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். கம்பாசிட்டர் ஸ்டிக்கில் கோத்த வரிகள் டிரெடிலில் ஓடி முடிந்ததும் கட்டு அவிழ்க்கப்பட்டு, எழுத்துகள் கேஸுக்கே திரும்பிவிடும். நேற்றுக் கல்யாணப் பத்திரிகையில் நின்ற 'க' இன்று காதுகுத்துக்குப் போகும். அச்சான தாளைத் தவிர வேறு தடயமே மிஞ்சாது. ஆகவேதான் சேகரிப்பவரின் தேவை எழுகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்த பிறகு அத்தொகுப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் வெளியிடும் நினைவு மலர்களில் வம்சாவளியும் ஊர்ச்செய்தியும் இருக்கும். நூலகம் என்னும் இணைய நூலகம் அவற்றை மின்வடிவில் சேர்த்துவருகிறது.

இப்போது எல்லாம் கணினியிலேயே இருக்கிறதே என்பார்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் டிடிபி மேசைகளில் தட்டச்சான கோப்புகளை, உரிய எழுத்துரு இல்லாமல் இன்று திறந்தால் புரியாத குறிகளே வருகின்றன. 1867 சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் அக்கறையோ பருவ இதழ்களோடு நின்றுவிடுகிறது. எனவே, அச்சிட்ட ஒவ்வொன்றிலும் ஒரு தாளைத் தேதியிட்டு ஃபைலில் வைத்து, ஆண்டுக்கொருமுறை கிளை நூலகத்தில் சேர்க்கும் வழக்கத்தை அச்சக உரிமையாளர்கள் தாங்களாகவே ஏற்க வேண்டும். செலவு ஒரு தாள்தான். கல்யாணப் பத்திரிகை யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கும். கருமாதிப் பத்திரிகையை முதலில் எடுத்துவைக்க வேண்டும். படித்தவுடன் கிழித்துப் போடுவது வழக்கம் என்பதால், அச்சகத்தின் ஃபைலை விட்டால் அதற்கு வேறு இடமில்லை.