உச்ச மதிப்பைத் தேடிய அறிஞர் ஷரஃபுத்தீன் அத்-தூஸி

மேல்நிலை வகுப்பில் பயிலும் நம் பிள்ளைகள், வகைக்கெழுவைக் கொண்டு ஒரு சார்பின் போக்கை ஆராய்கின்றனர். வகைக்கெழு மிகையாக உள்ள இடத்தில் சார்பு ஏறுகிறது. குறையாக உள்ள இடத்தில் இறங்குகிறது. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் உச்சியில் வகைக்கெழு சுழியாகிறது. இத்தகைய உச்ச மதிப்பைத் தேடும் பணியில், நியூட்டனுக்கும் லைப்னிட்சுக்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஈடுபட்ட ஒரு முஸ்லிம் அறிஞரை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை.

அவர் ஷரஃபுத்தீன் அத்-தூஸி. 12ஆம் நூற்றாண்டில் ஈரானின் தூஸ் பகுதியில் பிறந்தவர். டமாஸ்கஸ், அலெப்போ, மோசூல் நகரங்களில் கணிதம் போதித்தவர். பின்னாளில் வந்த நஸீருத்தீன் அத்-தூஸி வேறொருவர்.

இவருக்கு முன் உமர் கய்யாம், முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, வடிவியல் வழியே தீர்வு கண்டிருந்தார். சில வகைச் சமன்பாடுகளுக்கு ஒரு சமயம் விடை கிடைக்கும், மறுசமயம் கிடைக்காது. எப்போது கிடைக்கும் என்பதற்கு எண்களால் ஆன ஓர் எல்லையை வகுத்தவர் தூஸி. அன்று குறை எண்களை விடையாகக் கொள்ளும் வழக்கமில்லை. இன்றைய குறியீடுகளும் இல்லை. அனைத்தையும் அவர் சொற்களாலேயே எழுதினார்.

நாமும் அவ்வாறே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் எண்ணின் வர்க்கத்தை, 6-இலிருந்து அவ்வெண்ணைக் கழித்த மீதியால் பெருக்குவோம். எண் 3 எனில் 27 கிடைக்கும். 4 எனில் 32. 5 எனில் 25. பெருக்குத்தொகை 32 வரை உயர்ந்து, பின்னர் இறங்குகிறது. ஆகவே 40 கிடைக்க வேண்டுமெனில் விடையே இல்லை. 32-க்கு ஒரே விடை. 25-க்கு இரண்டு விடைகள். 6-க்குப் பதிலாக எந்த எண்ணை வைத்தாலும் அதன் மூன்றில் இரண்டு பங்கிலேயே உச்சம் அமையும் என்பதை தூஸி நிறுவினார். அந்த இடத்துக்கு இருபுறமும் மதிப்பு குறைவதை வடிவியல் முறையில் மெய்ப்பித்துக் காட்டினார். இன்றைய மாணவர் வகைக்கெழுவைச் சுழிக்குச் சமப்படுத்தினாலும் இதே விடையையே அடைவார்.

அப்படியாயின் வகைக்கெழுவைக் கண்டுபிடித்தவர் தூஸி என்று கூறிவிடலாமா? இங்கு நாம் நிதானிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு என்பதை முதலில் எவ்வாறு கண்டறிந்தார் என்பதை அவர் எழுதி வைக்கவில்லை. வகைக்கெழுவுக்கு இணையான முறையை அவர் கையாண்டார் என்பது ஆய்வாளர் ருஷ்தி ராஷிதின் கருத்து. பழைய வடிவியல் முறையே போதுமானதாக இருந்திருக்கும் என்பர் வேறு ஆய்வாளர். எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தும் பொது விதி 17ஆம் நூற்றாண்டில், ஃபெர்மா, நியூட்டன், லைப்னிட்சு ஆகியோரின் உழைப்பால்தான் உருப்பெற்றது.

எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டோம் என்று மேடைகளில் முழங்குவது எளிது. ஆனால் அறிவும் ஓர் அமானிதமே. தூஸி செய்யாததை அவர் பெயரில் ஏற்றினால், அவர் உண்மையில் செய்ததையும் பிறர் ஐயுறுவர். அவர் செய்ததே நாம் பெருமை கொள்ளப் போதுமானது. அதை உள்ளபடியே நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம். அடுத்த முறை அவர்கள் உச்ச மதிப்பைக் கணக்கிடும்போது அருகில் அமர்ந்து, 6-இன் கணக்கைச் செய்து பார்க்கச் சொல்வோம்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக.