ஏழு விசில் விட்டா மீன் குழம்பு கெடாதா?

கோவளத்துலேர்ந்து மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கரையோரமா போனீங்கன்னா, மணல்ல கருவாடு காயறதைப் பார்க்கலாம். கேளம்பாக்கத்துல உப்பளம் வேற. மீனும் உப்பும் வெயிலும் பக்கத்துல பக்கத்துல கிடைக்கிற ஊருக்கு பாட்டில் எதுக்கு? நெத்திலியும் வாளையும் உப்புலயே பிழைச்சுக்கிச்சு.

இப்போ துபாய்ல இருக்கிற பிள்ளைக்குக் குழம்பையே பாட்டில்ல அடைச்சு, குக்கர்ல ஏழெட்டு விசில் விட்டு அனுப்பலாமான்னு கேக்கறாங்க. "காத்தே புகாம மூடிட்டோமே, எப்படிக் கெடும்?" ஆபத்தே அங்கதான்.

குக்கருக்கு மூதாதை 1679-ல் வந்தது. டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையே குழைய வைக்கிற பாத்திரம் செய்து லண்டனில் காட்டினார். அது வெடிக்காமல் இருக்க சேஃப்டி வால்வையும் அவரே சேர்த்தார். புட்டியில் அடைப்பது தனிக் கதை. நிக்கோலா அப்பேர் 1810-ல் அதற்குப் புத்தகமே போட்டார். ஆனால் உணவு ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. பாஸ்டர் பிறந்ததே 1822-ல்தானே!

காரணம் தெரிய வந்தது ஒரு சாவு வீட்டில். 1895 டிசம்பர், பெல்ஜியத்தில் எல்செல் என்ற ஊர். இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித் தொடையைச் சாப்பிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். வான் எர்மெங்கெம் அதிலிருந்து பிரித்தெடுத்த கிருமிதான் பொட்டுலினம். காற்று இல்லாத இடம்தான் அதுக்கு சொர்க்கம். அதன் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் மணிக்கணக்கா தாக்குப்பிடிக்கும். நஞ்சு சேர்ந்தாலும் வாசனை, ருசி மாறாமலே இருக்கலாம்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் பிரெஸ்காட்டும் அண்டர்வுட்டும் டப்பாவில் கெட்டுப்போன சிப்பிகளை ஆராய்ந்தார்கள். சுமார் 121 டிகிரி வேணும், அந்தச் சூடு டப்பாவின் நடுப்பகுதிக்கும் போய்ச் சேரணும் என்று கண்டார்கள். புளிப்பு குறைந்த உணவுக்கு அழுத்தச் சூடுதான் வழி என்று அமெரிக்க வேளாண் துறை 1917-ல் சொன்னது. (அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. கல்பாக்கம் அணு உலையில் கனநீர் 300 டிகிரி கிட்டத்தட்ட ஏறியும் ஆவியாகாமல் இருப்பது இதனால்தான் :-))

சரி, 1959-லேர்ந்து டி.டி.கே. செய்யற பிரெஸ்டிஜ் குக்கர் நம்ம வீட்டுலயும் இருக்கே, அதுலயும் 15 பவுண்டு அழுத்தம் வருதேன்னு கேப்பீங்க. வரும். ஆனா ஒவ்வொரு விசிலுக்கும் ஆவி கொட்டி அழுத்தம் ஏறி இறங்குது. உள்ளே தங்கின காத்து சூட்டைக் குறைக்குது. சின்னக் குக்கர் சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிடும். கேனிங் பட்டியல்ல இருக்கற நிமிஷக் கணக்கெல்லாம் பெரிய கேனருக்குப் போட்டது. அதுல நம்ம மீன் குழம்பும் கிடையாது. புளி ஊத்தியிருக்கேன்னு சொல்லாதீங்க, மீன் துண்டுக்குள்ள அந்தப் புளிப்பு எவ்வளவு இறங்குச்சுன்னு யாரு அளந்தா?

உள்ளூர்ல சாப்பிடவா, ஃப்ரீஸர்ல வைங்க. துபாய்க்குன்னா கருவாடு, புளி, மிளகாய்த்தூள் எல்லாத்தையும் தனித்தனியா கட்டிக் கொடுங்க. பையன் அங்க போய் வச்சுக்கட்டும்.