வழிச்செலவு ஒழுக்கம்: உமணர் வண்டிகள் முதல் ஜீப் குழுக்கள் வரை

சாலை இல்லாத இடங்களில் வண்டி ஓட்டுவோர் தமக்குள் சில நடைமுறைகளை வைத்திருக்கின்றனர். தனியே போகக் கூடாது. பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியும்படியே முன்வண்டி செல்ல வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் ஒரு வண்டி ஏறி முடித்த பிறகே அடுத்த வண்டி ஏற வேண்டும். சேற்றில் சிக்கியவரை மீட்காமல் மற்றவர் நகரக் கூடாது. இவை ஜீப் என்னும் ஊர்தியோடு வந்த விதிகள் என்று தோன்றலாம். ஜீப் இரண்டாம் உலகப் போரின்போது உருவானது. ஆனால் இந்த ஒழுக்கத்தின் பெரும்பகுதி, காஞ்சிபுரத்துக்கு வழி சொல்லும் ஒரு சங்க நூலிலும் அதன் அண்டை நாட்டைப் பாடும் மற்றொரு நூலிலும் காணக் கிடைக்கிறது.

அவை பெரும்பாணாற்றுப்படையும் மலைபடுகடாமும் ஆகும். இரண்டும் பத்துப்பாட்டைச் சேர்ந்தவை. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் பதிப்பித்தார். பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. நன்னன் ஊரை ஒட்டி ஓடுவதாக அந்நூல் கூறும் சேயாறுதான் இன்றைய செய்யாறு. அது சவ்வாது மலையில் பிறந்து, காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. எனவே இரு நூல்களும் ஒரே ஆற்றுப் படுகையின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் காட்டுகின்றன எனலாம்.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே ஒரு வழி ஒழுக்கத்தின் மேல்தான் நிற்கிறது. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனைக் கண்டு, தான் போய் வந்த வழியைச் சொல்லுகிறான். போட்டியாளன் என்று நினைத்து மறைப்பதில்லை. நான் வகுப்பில் இதை நடத்தியபோதெல்லாம் மாணவர்கள் புரவலனின் கொடையைத்தான் குறித்துக்கொள்வார்கள்; தேர்வுக்கு அது போதும். வழியைச் சொல்லும் பகுதிதான் நூலில் அதிகம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

உப்பு வண்டிகளின் வரிசை

கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்றவர்கள் உமணர். இவர்கள் கூட்டமாகவே சென்றனர். அக்கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணர் வண்டி ஒரு நடமாடும் வீடு. அதில் கோழிக்கூடு இருக்கிறது. காடி வைத்த கலம் தொங்குகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆண்கள் வண்டியின் பக்கத்தில் நடந்து வருகின்றனர். பூட்டிய எருதுகளைத் தவிர மாற்று எருதுகளும் உடன் வருகின்றன.

மாற்று எருது ஏன் தேவைப்பட்டது என்பதைப் புறநானூற்றின் 60ஆம் பாடலிலிருந்து ஊகிக்கலாம். மேட்டு நாட்டுக்கு உப்பு ஏற்றிச் செல்லும் வண்டி அழுந்திப் போகும்போது அதை இழுத்து வெளியேற்றும் வலிய எருதுக்கு அப்பாடல் சோழனை உவமை கூறுகிறது. அரசனையே ஒப்பிடும் அளவுக்கு அக்காட்சி மக்களுக்குப் பழகியிருந்தது. இன்றைய வண்டிகளின் முகப்பில் பொருத்தும் வின்ச் என்னும் இழுவைப்பொறி செய்வது இதே வேலையைத்தான்.

102ஆம் பாடல் இன்னும் சுவையானது. ஔவையார் பாடியது. எருதுகளோ இளையவை, நுகம் அறியாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமென்று யார் அறிவார்? அதனால் உமணர் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டி வைக்கின்றனர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். ஸ்டெப்னி டயருக்குத் தமிழ்ச்சொல் தேடுவோர் இப்பாடலைப் பார்க்கலாம்.

உமணரின் தோழமையை மிகைப்படுத்தவும் கூடாது. நீரும் புல்லும் தராமல் உமணர் கைவிட்டுப் போன முடமான எருதைப் புறநானூற்றின் 307ஆம் பாடல் காட்டுகிறது. பயன்பட்ட வரை துணை. நடக்க முடியாதபோது காட்டில் தனிமை. அவர்கள் விட்டுச் சென்ற கல் அடுப்பில் பின்னால் வந்த மழவர் இறைச்சி சமைத்து உண்டதாக அகநானூறு கூறுகிறது. வணிகர் மூட்டிய அடுப்பு அம்பு எய்வோருக்கும் பயன்பட்டது என்பது வழியின் வேடிக்கை.

இளந்திரையன் நாட்டில் வழிப்பறி செய்வோரே இல்லை என்று பாணனுக்குச் சொல்லப்படுகிறது. இதைப் புகழுரையாகவே கொள்ள வேண்டும். ஏனெனில் அதே நூலில், மிளகு மூட்டை சுமந்த கழுதைகளோடு வணிகர் செல்லும் சுங்கப் பெருவழியை வில்லேந்திய வீரர்கள் காத்து நிற்கின்றனர். காவல் இருந்தது என்றால் அச்சமும் இருந்தது. சாத்தாகச் சென்றதன் முதற்காரணம் அன்பு அல்ல, அச்சம். அன்பு பிறகு வந்தது.

மலைபடுகடாம் சொல்லும் விதிகள்

மலைப்பாதையில் எப்படிச் செல்ல வேண்டும் என்பதை இவ்வளவு விரிவாகச் சொல்லும் வேறொரு பழந்தமிழ் நூலை நான் படித்ததில்லை. காட்டுப்பன்றிக்காகக் கனத்த கல்லால் அமைத்த அடார் என்னும் பொறிகள் வழியில் உண்டு. ஆகவே இரவில் போகாதீர், தங்கி விடியலில் புறப்படுங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர். மரங்களின் மறைவில் செல்லுங்கள். ஆழ்ந்த நீர்க்குட்டத்தின் கரை வழுக்கும். கொடியைப் பற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காத்து ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள். ஏற்றத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்னும் இன்றைய விதியும் இதுவே.

இன்னும் ஓர் அறிவுரை உண்டு. பாதைகள் பிரியும் இடத்தில், புதியவராகிய நீங்கள், போகும் வழிக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து இட்டுச் செல்லுங்கள் என்கிறார் புலவர். அந்த முடிச்சு பின்னால் வருபவருக்கு ஆனது. ஜீப் வரிசையில் முன்வண்டி ஒவ்வொரு பிரிவிலும் நின்று, பின்வண்டி தான் திரும்பும் திசையைப் பார்த்த பிறகே நகர்வதும் இந்தப் புல்முடிச்சின் வேலைதான்.

வழி தவறினால் என்ன செய்வது? அகன்ற பாறையில் ஒன்றுகூடி இசைக்கருவிகளை ஒலிக்கச் செய்தால், புனம் காக்கும் மலைமக்கள் ஓடி வந்து வழி காட்டுவர் என்று நூல் கூறுகிறது. நடுகற்கள் உள்ள இடத்தில் யாழ் இசைத்து வணங்கிவிட்டுக் கடந்து செல்லவும் சொல்கிறது.

இவ்விரு குறிப்புகளும் முக்கியமானவை. முன்னே சொன்ன விதிகள் உடன் வருவோருக்கு நாம் செய்ய வேண்டியவை. இவையோ அந்த நிலத்தில் வாழ்வோருக்கும், அங்கே இறந்தோருக்கும் செய்ய வேண்டியவை. பெரும்பாணாற்றுப்படையிலும் எயினர் உடும்பிறைச்சியும் சோறும் தருகின்றனர். ஆயர் பாலோடு தினைச்சோறு தருகின்றனர். உழவர் வீட்டில் கோழி, வலைஞர் குடியில் சுட்ட மீன், அந்தணர் மனையில் மாவடு. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளதை உண்டு செல்ல வேண்டும். காட்டை வெற்றிடமாக எந்த ஆற்றுப்படையும் காட்டவில்லை.

கல்லில் நின்ற வழித்துணை

பிற்காலத்தில் இந்த ஒழுக்கம் கல்லிலும் இடம்பெற்றது. தர்மபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவை நாவற்றாவளம் என்னும் ஊருக்கு எத்தனை காதம் என்று கூறுகின்றன. தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். தொலைவு எழுத்தில் மட்டுமல்லாமல் குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது: பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத சுமைக்காரனும் தடவிப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். தோளளவு உயரத்தில் அமைந்த சுமைதாங்கிக் கற்களும் இவ்வகையே. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நிறுவும் வழக்கம் இருந்தது.

இன்றைய நிலை

மலைச்சாலை குறுகலாக இருந்தால் இறங்கும் வண்டி ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்கு விதிகளிலேயே சட்டமாக இடம்பெற்றிருந்தது. மற்ற நடைமுறைகள் எழுதாச் சட்டங்களாகவே தொடர்கின்றன. சிக்கியவரை விட்டுப் போகாத பண்பில் ஜீப் குழுக்கள் உமணரைவிட மேலானவை என்றே சொல்வேன்; முடமான வண்டியை அவர்கள் காட்டில் கைவிடுவதில்லை.

நிலத்தாருக்குச் செய்ய வேண்டிய மறுபாதியில்தான் குறை இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகள் நிறைந்தது. கோடையில் வறண்ட ஏரி வெறும் மைதானம்போல் தோன்றும். ஆனால் அது மேய்ச்சல் நிலம். நீர் வரத்துக் கால்வாய்கள் அதில்தான் முடிகின்றன. கரை மண்ணால் ஆனது. டயர் தடம் பதிந்த கரையில் முதல் மழையில் நீர் அந்தத் தடத்தின் வழியேதான் அரிக்கத் தொடங்கும். பாலாற்று மணலுக்கும் காப்புக்காட்டு ஓடைகளுக்கும் இது பொருந்தும். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஊர் ஏரிக்கு அப்படி ஒரு வாயிற்காவலர் இல்லை. கரையில் ஆடு மேய்ப்பவரிடம்தான் கேட்க வேண்டும். எந்தப் பக்கம் சேறு, எந்தப் பக்கம் விதைத்திருக்கிறார்கள் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.