டீப் ஃப்ரையர் வாடகையும் பாதுகாப்பும்: மேரு, கிள்ளான் வட்டாரம்

டீப் ஃப்ரையர் என்பது எண்ணெயைத் தெர்மோஸ்டாட் மூலம் ஒரே சூட்டில் நிறுத்திவைத்து, உணவை அதில் மூழ்கவிட்டுப் பொரிக்கும் வணிகச் சமையல் கருவி. சிலாங்கூர் மாநிலம் கிள்ளான் மாவட்டத்தைச் சேர்ந்த மேரு, காப்பார் ஆகிய இடங்களில் பாசார் மாலாம், ரமலான் சந்தை, தீபாவளிச் சந்தை, கோயில் திருவிழா போன்ற சில நாள் வியாபாரத்துக்கு இதைச் சொந்தமாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது மலிவு.

வடையும் கோரேங் பிசாங்கும் குவாலியில் பொரிபடும்போது சமைப்பவரின் கண்தான் தெர்மோஸ்டாட். ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்த்து அவர் தீயைக் குறைப்பார். ஃப்ரையரில் அந்தப் பொறுப்பு கருவிக்குப் போய்விடுகிறது. வாடகைக் கருவியை இதற்குமுன் யார், எப்படிப் பயன்படுத்தினார் என்பது எடுப்பவருக்குத் தெரியாது. ஆகவே வாடகை பேசும்போது விலையைவிட அதன் பாதுகாப்பு உறுப்புகளையே முதலில் பார்க்கவேண்டும்.

உறுப்புகள்

பொரிப்பதற்கு வேண்டிய சூடு பெரும்பாலும் 160 முதல் 190 பாகை செல்சியஸ். தெர்மோஸ்டாட் கெட்டுப்போய்ச் சூடு ஏறிக்கொண்டே போனால், ஏறத்தாழ 230 பாகையில் ‘ஹை லிமிட்’ என்னும் இரண்டாவது காவல் மின்சாரத்தையோ கேஸையோ நிறுத்திவிடும். செம்பனை எண்ணெய் புகையத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான். இந்தக் காவலும் செயலிழந்து சூடு 350 பாகையைத் தாண்டினால், தீப்பொறி எதுவும் படாமலே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பலமுறை காய்ந்த எண்ணெய் அதற்கும் முன்பே பற்றக்கூடும். ஹை லிமிட் அடிக்கடி விழுகிறது என்று அதன் கம்பிகளை நேரடியாக இணைத்துவிடுபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்கக்கூடாது.

நல்ல ஃப்ரையர்களில் சூடேற்றும் குழாய்கள் கலத்தின் அடியைவிட்டுச் சற்று உயரத்தில் இருக்கும். அவற்றுக்குக் கீழே உள்ள எண்ணெய் குறைவாகவே சூடாவதால், உதிரும் மாவுத்துகள் அங்கே தங்கிக் கருகாமல் கிடக்கும். நேரடியாக அடியில் தீ படும் மலிவான மேசை ஃப்ரையர்களில் இந்த வசதி இல்லை. எண்ணெய் சீக்கிரம் கறுக்கும்.

மின்சாரமா, கேஸா?

மலேசிய வீட்டு மின்செருகி 13 ஆம்பியர் வரைதான் தாங்கும்; அதாவது ஏறத்தாழ 3 கிலோவாட். இரண்டு கலம் கொண்ட மின் ஃப்ரையருக்கு இரண்டு செருகிகள் இருப்பது இதனால்தான். இரண்டையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகுவது, சந்தைக் கூடாரங்களில் சகஜமாகக் காணும் தவறு. சுருளாகச் சுற்றிவைத்த கம்பி இன்னும் மோசம். உள்சூட்டில் அதன் உறை உருகும். செருகியில் சிரிம் தரச்சான்று முத்திரை உண்டா என்று பார்ப்பதும், மின்கசிவு வெட்டி உள்ள இணைப்பையே பயன்படுத்துவதும் கட்டாயம்.

கேஸ் ஃப்ரையரில் முதல் கேள்வி, அது எந்த வாயுவுக்கானது என்பது. தோம்பில் வரும் எல்.பி.ஜி.யும் பேரங்காடிகளுக்குக் குழாயில் வரும் இயற்கை வாயுவும் ஒன்றல்ல. ஒன்றுக்கான துளைமுனையை இன்னொன்றுக்குப் பயன்படுத்தமுடியாது. அடுத்தது ரெகுலேட்டர். குவாலி அடுப்புக்கான உயர் அழுத்த ரெகுலேட்டரை, குறை அழுத்த ஃப்ரையருக்கு மாட்டினால் தீ கலத்துக்கு வெளியே நாக்கு நீட்டும். தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் தானியங்கி வால்வும் இருக்கவேண்டும். சோதிப்பது எளிது: பைலட் தீயை அணைத்துவிட்டால், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வால்வு தானே மூடிக்கொள்ளும் ‘டிக்’ சத்தம் கேட்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து கால்வாயிலும் பள்ளத்திலும் தேங்கும். அதனால் தோம்பைச் சாக்கடை மூடிக்கு அருகில் வைக்கக்கூடாது.

மானிய விலைத் தோம்பு யாருக்கு என்பதும் கவனிக்கவேண்டியது. 2025 மே மாதம் மானியத் தோம்பின் முறைகேட்டைத் தடுக்க உள்நாட்டு வர்த்தக அமைச்சு ‘ஓப்ஸ் காசாக்’ சோதனையைத் தொடங்கியபோது உணவுக்கடைக்காரர்கள் கலங்கிப்போனார்கள். பின்னர் சிறு வணிகர்களுக்கு விதி தளர்த்தப்பட்டது. இவை தவிர, உணவைக் கையாளுபவருக்குப் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும் தேவை. கடை உரிமம் 2024இல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த கிள்ளான் மன்றத்திடம் பெறவேண்டும்.

பயன்படுத்தும்போது

எண்ணெய் ஊற்றாமல் கருவியைச் சூடாக்கக்கூடாது. கழுவிய கலத்தின் வடிகுழாயில் ஒரு கரண்டித் தண்ணீர் தங்கியிருந்தாலும் ஆபத்து: நீர் ஆவியானால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும், மேலிருக்கும் எண்ணெயைத் தூக்கி எறியும். பனிக்கட்டி ஒட்டிய கோழித்துண்டும் இதே வேலையைச் செய்யும். கூடையைப் பாதிக்குமேல் நிரப்பக்கூடாது. வடை, பஜ்ஜி போன்ற ஈரமாவுப் பண்டங்களுக்குக் கூடையை முதலில் எண்ணெயில் இறக்கிவிட்டுப் பிறகே மாவை விடவேண்டும். இல்லாவிட்டால் மாவு கம்பியில் ஒட்டிக்கொள்ளும்.

தீபாவளிச் சந்தை நடக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழைக்குப் பேர்போனவை. கூடாரத் துணிகள் சேரும் இடத்தில் நீர் ஒழுகும். அந்த இடத்துக்கு நேர் கீழே ஃப்ரையரை வைக்கக்கூடாது. சூடான எண்ணெயோடு கருவியை நகர்த்துவதும் கூடாது: 20 லிட்டர் எண்ணெய் மட்டுமே ஏறத்தாழ 18 கிலோ.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது உயிரை வாங்கும். முடிந்தால் கேஸையோ மின்சாரத்தையோ நிறுத்தி, உலோக மூடியால் மூடிவிட்டு, 999ஐ அழைக்கவேண்டும். சமையல் எண்ணெய்த் தீ ‘எஃப்’ வகையைச் சேர்ந்தது. அதற்கு ஏற்றது ஈர வேதித் தீயணைப்பான். கடைகளில் பரவலாகத் தொங்கும் தூள் தீயணைப்பான் சுடரை அடக்கினாலும் எண்ணெயைக் குளிர்விக்காது. தீ மறுபடி எழும். கை சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். கிச்சாப்பும் பற்பசையும் புண்ணைக் கெடுக்கும். பெரிய காயத்துக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா.

எண்ணெய்

நுரை அடங்காமல் பொங்கினால், நிறம் கறுத்தால், வழக்கமான சூட்டிலேயே புகைந்தால் எண்ணெயை மாற்றவேண்டும். இந்தியாவில், எண்ணெய் கெடும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் மொத்தம் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்த 2018 ஜூலை 1 முதல் தடை உண்டு. மாவுப்பண்டங்களைப் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்னும் தீங்கான சேர்மம் உருவாகும் என்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்; பண்டம் மிகையாகச் சிவந்தால் அது கூடும். பொன்னிறத்தோடு எடுத்துவிடுவது நல்லது.

வாடகை முடிந்ததும் எண்ணெய் ஆறிய பிறகே வடித்து, கலத்தைக் கழுவி, நன்றாக உலர்த்தித் திருப்பித் தரவேண்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினால் கொழுப்பு உறைந்து அடைத்துக்கொள்ளும். வடிகட்டிக் கலனில் சேர்த்துவைத்தால், பயோடீசலுக்காகக் கிலோ கணக்கில் விலைகொடுத்து வாங்கிப்போகிறார்கள்.