தமிழ்ப் பாட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள்?

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகிற வழியில் ஆர்.ஏ.புரம் வரும். தினமும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த 'ஆர்.ஏ.' யார் என்று தெரியும்? ராஜா அண்ணாமலைபுரம் என்பதன் சுருக்கம்தான் அது. செட்டிநாடு அரண்மனை இருப்பதும் அங்கேதான்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் (1881-1948) கானாடுகாத்தானில் பிறந்தவர். பர்மா வரை வட்டித் தொழில் நடத்திய பெரிய குடும்பம். நகரத்தார் கணக்கு வழக்கில் 'மகமை' என்று ஒன்று உண்டு. தொழிலில் வரும் வருமானத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். கோயில் திருப்பணி, சத்திரம், பாடசாலை எல்லாம் இந்த மாதிரிப் பணத்தில் நடந்தவை.

அண்ணாமலை செட்டியார் அந்த வழக்கத்தைக் கல்விப் பக்கம் திருப்பினார். 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி. பிறகு 20 லட்சம் ரூபாய் நன்கொடை. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதே வருடம் அங்கே ஓர் இசைக் கல்லூரியும் வந்தது.

இங்கேதான் விஷயம் ஆரம்பமாகிறது. கல்லூரி இருப்பது தமிழ்நாட்டில், மாணவர்கள் தமிழர்கள். ஆனால் அவர்கள் கற்றுக்கொண்ட கீர்த்தனைகளில் பெரும்பகுதி தெலுங்கும் சமஸ்கிருதமும்! அந்தக் காலக் கச்சேரிகளும் அப்படித்தான். முக்கியமான உருப்படிகள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் 'துக்கடா' என்று ஒன்றிரண்டு தமிழ்ப் பாட்டு வரும்.

இதை மாற்ற வேண்டும் என்று கருதியவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலையும் வெளியிட்டார். ஆனால் 1919-ல் அவர் மறைந்தபின் அதே வேகத்தில் அதை எடுத்துச் செல்ல ஓர் அமைப்பு இல்லை.

அண்ணாமலை செட்டியார் செய்தது வேறு மாதிரி. 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மையான இடம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கே எழுந்தது. புதிய தமிழ்ப் பாடல்கள் எழுதவும், அவற்றை ஸ்வரப்படுத்திப் புத்தகமாகப் போடவும் செட்டியார் பணம் ஒதுக்கினார். இது பொதுவான நன்கொடை இல்லை. தமிழ்ப் பாட்டுக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த பணம்.

சென்னையில் புயல் கிளம்பியது!

1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி உருவாகி 1928-ல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி அப்போதே கர்நாடக இசைக்குப் பெரிய பீடம். 1941 டிசம்பரில் அங்கே ஒரு தீர்மானம் வந்தது. இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கம், மொழி என்கிற விஷயத்தைக் கொண்டுவந்து அந்தத் தரத்தைக் குறைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். ஆனால் பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பாடினார்கள். அந்தக் கீர்த்தனைகளை ஒதுக்கிவிட்டால் கச்சேரியில் என்ன மிஞ்சும்? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருந்தது. பணம் வைத்திருப்பவர் சொன்னால் கலை திசை மாற வேண்டுமா? நாளைக்கு இன்னொரு பணக்காரர் இன்னொன்று சொன்னால்?

எதிர்ப் பக்கம் கல்கி விடாமல் எழுதினார். ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி., ஆர்.கே.சண்முகம் செட்டியார் எல்லாம் தமிழிசைக்காகப் பேசினார்கள். (1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தவர் இதே சண்முகம் செட்டியார்தான்!) கேட்பவனுக்குப் புரியாத மொழியில் மட்டுமே பாடுவது என்ன நியாயம் என்பது அவர்கள் கேள்வி. தெலுங்குப் பாட்டே கூடாது என்று அல்ல, தமிழுக்கும் மரியாதையான இடம் வேண்டும் என்பதே அவர்கள் வாதம்.

யோசித்துப் பார்த்தால், கலைக்கு அதற்கு முன்பும் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். தஞ்சை அரசவையும், ஜமீன்தார்களும், பிறகு டிக்கெட் வாங்கிய சபா ரசிகர்களும் அவரவர் ருசிக்கு ஏற்பத்தான் கொடுத்தார்கள். பணத்தின் சாய்வு கச்சேரியில் எப்போதும் இருந்தது. அண்ணாமலை செட்டியார் தன் சாய்வை வெளிப்படையாக எழுதி வைத்தார், அவ்வளவுதான். யாரையும் தெலுங்கில் பாடாதே என்று அவர் தடுக்கவும் இல்லை. பாட தமிழில் உருப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு உருப்படியை உண்டாக்கிக் கொடுத்தார்.

1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. அகாடமி மேடைக்காகக் காத்திருக்காமல் தனக்கென்று ஒரு மேடை. கூடவே ஓர் இசைக் கல்லூரி. 1949 முதல் தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டங்கள். 1952-ல் பாரிமுனை அருகே ராஜா அண்ணாமலை மன்றம். 1957 முதல் 'இசைப் பேரறிஞர்' பட்டம். பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களை ஸ்வரத்தோடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது. முத்துத் தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை போன்றவர்களின் பாட்டுகள் மறுபடி மேடை ஏற இதெல்லாம் உதவியது. செட்டியார் 1948-லேயே மறைந்துவிட்டார். இதில் பாதிக்கு மேல் அவருக்குப் பின்னால் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியென்றால் முழு வெற்றியா? அதுவும் இல்லை. முக்கிய உருப்படியாகத் தமிழ்ப் பாட்டு எத்தனை கச்சேரியில் வருகிறது என்ற சண்டை ஒவ்வொரு மார்கழியும் எங்காவது நடக்கிறது.

20 லட்சத்தில் பிறந்த பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் வருத்தமானது. கடும் நிதி நெருக்கடியில் சிக்கி 2013-ல் அதன் நிர்வாகம் தமிழக அரசின் கைக்குப் போனது. மூலநிதி பெரியதாக இருந்தால் மட்டும் போதாது, வருடா வருடம் வரவு செலவைக் கட்டிக் காப்பதுதான் கடினம் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். அதைவிடச் சின்ன அமைப்பான தமிழ் இசைச் சங்கம் டிசம்பர் விழாவை இன்றும் நடத்தி வருகிறது.

அதே 2013-ல்தான் புதிய கம்பெனிச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்தோ உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பாரம்பரியக் கலைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கிட்டத்தட்ட மகமையே சட்டமாகிவிட்ட மாதிரி!

ஆனால் செட்டியாரின் பணம் எதற்கு என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் அதை எதிர்த்துத் தீர்மானம் போட முடிந்தது, ஆதரித்து எழுதவும் முடிந்தது. இன்று கம்பெனிகள் கலைக்குக் கொடுக்கும் 2 சதவீதம் ஆண்டறிக்கையின் ஒரு மூலையில் அட்டவணையாக வருகிறது. அதை எடுத்துப் படித்து, இந்தக் கலைக்கு ஏன் கொடுத்தீர்கள், அந்தக் கலைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?